நீச்சல் குளத்துக்கு ஃபில்டர் மாற்றப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

“டாக்டர் சார்... மறுபடியும் காது!”

கன்சல்டிங் அறைக் கதவைத் திறந்ததும் அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். பின்னாலேயே பத்து வயசுப் பையன், வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு. அவனுக்குப் பின்னால் அவன் பாட்டி. மூன்று மாதத்தில் இது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் மருந்து கொடுப்பேன். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். அடுத்த மாதம் திரும்ப வந்து நிற்பார்கள்.

காது மடலை லேசாக இழுத்தேன். “ஐயோ!” என்று துள்ளினான். காதுக் குழாயின் தோல் சிவந்து வீங்கியிருந்தது. கண்ணும் கொஞ்சம் சிவப்பு.

“ஏம்ப்பா, எங்கேயாவது தண்ணியிலே குதிக்கறியா?”

பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா பாட்டியைப் பார்த்தார். பாட்டிதான் உடைத்தார்: “மாமன் வீட்டுக்கு வாரா வாரம் போறான் வைத்தியரே. அங்கே நீச்சல் குளம் இருக்கு. சுத்தமான தண்ணிதான். பார்த்தா கண்ணாடி மாதிரி இருக்கும்.”

இந்தக் கேள்வியை நான் முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எங்கள் பேராசிரியர்கள், ‘நோயாளி என்ன சாப்பிட்டான், எங்கே குளித்தான், எங்கே படுத்தான் என்று கேட்காமல் நாடி பிடிக்காதே’ என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித் தந்தார்கள். செங்கல்பட்டில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் கொளவாய் ஏரியும் கொஞ்ச தூரத்தில் பாலாறும் இருக்கிற ஊரில், ‘ஏரியில் குளித்தாயா?’ என்று கேட்கத் தோன்றுகிறது. ‘ஸ்விம்மிங் பூல்’ என்று கேட்கத் தோன்றவில்லை! இப்போது கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. கேளம்பாக்கம், படூர், சிறுசேரி பக்கம் அபார்ட்மென்ட் என்றாலே கீழே ஒரு குளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டியும் வார விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிற வீடுகள், அதிலும் குளம். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் உங்கள் பிள்ளை எங்கேயோ ஒன்றில் குதித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பையனைக் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் அனுப்பினேன். நாலு தடவை திரும்பி வந்த காதை, கருவி போட்டு உள்ளே பார்த்துச் சுத்தம் செய்யாமல் நான் மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து பட்டிபுலத்தில் இருக்கும் அந்த மாமன் வீட்டுக்கும் போனேன்.

கண்ணாடி மாதிரித் தண்ணீர்!

பாட்டி சொன்னது பொய்யில்லை. நீலப் பளிங்கு ஓடு, மேலே பார்த்தால் பளபளப்பு. ஆனால் ஆழமான மூலையில் தரையில் இருக்கும் வடிகால் சல்லடையைப் பார்த்தேன். அதன் கம்பிகள் தனித்தனியாகத் தெரியவில்லை. பக்கச் சுவரை விரலால் தடவினேன், வழவழப்பு. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் கண்ணில் எரிச்சலூட்டும் ஒரு நெடி. “குளோரின் நிறையப் போடறோம் சார், அதான் வாசனை” என்றார் மாமன், பெருமையாக.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். சரியான அளவு குளோரின் இருக்கும் நல்ல குளத்தில் நெடி அதிகம் வராது. வியர்வை, சிறுநீர், எண்ணெய்ப் பிசுக்கு இவற்றோடு குளோரின் சேர்ந்து ‘குளோரமின்’ என்ற பொருளாக மாறும்போதுதான் அந்த நெடி. கண் சிவப்பதற்கும் முக்கியக் காரணம் அதுதான். நெடி வந்தால், குளோரின் அழுக்கோடு சண்டை போட்டுத் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிருமியைக் கொல்ல அதனிடம் பலம் மிச்சமில்லை.

“ஃபில்டர் எப்போ மாத்தினீங்க?”

“போன வருஷம்தான் சார் மணல் மாத்தினோம். புது மணல்!”

தோட்டக்காரரைக் கூப்பிட்டு ஃபில்டர் தொட்டியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே இருந்த மணலில் ஒரு கை அள்ளினேன். கிளிஞ்சல் துண்டு! நடுவில் கறுப்பு கறுப்பாகக் கடற்கரையில் மின்னுமே, அந்த மணல். “எங்கேர்ந்துப்பா வாங்கினே?” என்றேன். அவர் கையை நீட்டிக் கடலைக் காட்டினார்.

“வாங்கலீங்க ஐயா. நாலு கூடை அள்ளிட்டு வந்தோம். மணலுக்கு என்னங்க பஞ்சம்?”

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த நாலு கூடை மணலால்தான் அந்தப் பையனின் காது மூன்று மாதமாகச் சீழ் வைத்துக்கொண்டிருந்தது.

ஃபில்டர் என்ன செய்கிறது?

எங்கள் குணபாட நூல்களில் ஆற்று நீர், குளத்து நீர், ஏரி நீர், சுனை நீர், ஊற்று நீர், கிணற்று நீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குணம் சொல்லியிருக்கிறது. நீச்சல் குளத்து நீர் அதில் கிடையாது. அது இயற்கையான நீர்நிலையே அல்ல. திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழை நீர் வருகிறது, ஊறுகிறது, வெயில் படுகிறது, மீன் இருக்கிறது, அடியில் சேறு இருக்கிறது. அதற்கென்று ஒரு வாழ்க்கை உண்டு. உங்கள் நீச்சல் குளமோ ஒரு பெரிய அண்டா! அதே தண்ணீரில் திரும்பத் திரும்பப் பத்துப் பேர் குளிக்கிறார்கள். அழுக்கு வெளியே போக ஒரே வழி ஃபில்டர்.

மோட்டார் தண்ணீரை உறிஞ்சி ஃபில்டர் வழியாகத் தள்ளித் திரும்பக் குளத்துக்கு அனுப்புகிறது. அழுக்கு ஃபில்டரில் நிற்கிறது. கிருமியைக் கொல்வது ஃபில்டரின் வேலையல்ல. அது குளோரின் வேலை. ஆனால் ஃபில்டர் சரியில்லை என்றால் அழுக்கு எல்லாம் குளத்திலேயே சுற்றும். போடுகிற குளோரின் அத்தனையும் அதற்கே செலவாகிவிடும். கிருமிக்குக் கொண்டாட்டம். காதுக் குழாயில் இந்தத் தண்ணீர் தங்கி ஊறினால், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அங்கே குடியேறும். ‘நீச்சல்காரர் காது’ என்பார்கள். கண் நோய், மயிர்க்கால்களில் சிவப்புக் கொப்புளம் இவையும் இப்படி வருபவைதான்.

ஒரு ஃபில்டர் எவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்கும் என்பதை ‘மைக்ரான்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணல் ஃபில்டர்

நம் ஊரில் பெரும்பாலும் இதுதான். உருண்டைத் தொட்டி, மேலேயோ பக்கத்திலேயோ ஆறு நிலைகள் உள்ள ஒரு கைப்பிடி வால்வு. 20 முதல் 40 மைக்ரான் வரை உள்ள அழுக்கைப் பிடிக்கும். உழைப்பாளி. பராமரிப்பும் எளிது. மணலை ஐந்து முதல் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

ஆனால் எந்த மணல்? ஃபில்டருக்கென்றே சலித்துக் கழுவி மூட்டையில் வரும் சிலிக்கா மணல். அரை மில்லிமீட்டரை ஒட்டி எல்லா மணியும் ஒரே அளவாக இருக்கும். அந்த ஒரே அளவுதான் ரகசியம். பொடியும் பருவட்டுமாகக் கலந்திருந்தால் பருவட்டு மணிகளின் இடைவெளியைப் பொடி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மணல் முழுக்கப் பரவிப் போகாமல் ஏதாவது ஒரு பக்கம் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடிவிடும். கட்டட வேலைக்கு வரும் ஆற்று மணலில் களிமண்ணும் சேர்ந்திருக்கும். கடல் மணலில் உப்பும் கிளிஞ்சலும். கிளிஞ்சல் என்பது சுண்ணாம்பு. குளத்தில் அமிலம் ஊற்றும்போதெல்லாம் கரைந்து தண்ணீரின் குணத்தையே மாற்றும், பிறகு மணலைக் கட்டி கட்டியாக இறுக வைக்கும். அதோடு, கடற்கரை மணலை அள்ளுவதே கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி தப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

மணலில் சந்தேகமா? அடுப்பங்கரையில் ஒரு எலுமிச்சம் பழத்தை நறுக்குங்கள். ஒரு ஸ்பூன் மணலில் சாறு பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. நல்ல சிலிக்கா மணல் சும்மா இருக்கும். பட்டிபுலத்தில் நான் இதைச் செய்து காட்டியபோது ‘புஸ்’ஸென்று பொங்கியதைப் பார்த்து மாமன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

மணல் மாற்றும் நாளில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஆளை நம்பி விட்டுவிட்டுப் போகாதீர்கள். பழைய மணலை எடுத்ததும் தொட்டியின் அடியில் விசிறி மாதிரி குழாய்க் கைகள் தெரியும். அவற்றில் ஒன்று கீறியிருந்தாலும் புது மணல் முழுக்கக் குளத்துக்கே வந்துவிடும். (குளத்தின் தரையில், தண்ணீர் உள்ளே வரும் துவாரத்துக்குக் கீழே மணல் படிந்திருந்தால் உடைந்தது இதுதான். மணலை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை.) நடுக்குழாயின் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடி டேப் சுற்ற வேண்டும். தொட்டியில் பாதி தண்ணீர் விட்டு, அதன் மேல் மணலை மெதுவாகக் கொட்ட வேண்டும். மூட்டையை அப்படியே கவிழ்த்தால் அடிக்குழாய் முறியும். எவ்வளவு மணல், அடியில் கூழாங்கல் வேண்டுமா என்பது தொட்டியின் மேல் ஒட்டிய பட்டையில் எழுதியிருக்கும். மூடியதும் முதலில் பின்னோக்கிக் கழுவும் ‘பேக்வாஷ்’, பிறகு ‘ரின்ஸ்’, அப்புறம்தான் ‘ஃபில்டர்’. இல்லையென்றால் மணல் தூசி குளத்தைப் பால் ஆக்கிவிடும். வால்வு கைப்பிடியைத் திருப்பும்போது மோட்டார் நின்றிருக்க வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழியும்.

மணலுக்குப் பதிலாக உடைத்த கண்ணாடித் துகள் வந்திருக்கிறது. நன்றாகவே வடிகட்டுகிறது, எடை குறைவாகப் போட்டால் போதும். விலைதான் கூடுதல். முடிந்தவர்கள் வாங்கலாம். மணலையும் அதையும் கலந்து போடாதீர்கள்.

கார்ட்ரிட்ஜ் ஃபில்டர்

கார் ஏர் ஃபில்டர் பார்த்திருப்பீர்களே, அதே போல் மடிப்பு மடிப்பாகப் பாலியெஸ்டர் துணி சுற்றிய உருளை. 10 முதல் 20 மைக்ரான் வரை பிடிக்கும், அதாவது மணலைவிட நுணுக்கம். சின்னக் குளங்களுக்கு இதை நான் சிபாரிசு செய்கிறேன். காரணம் தண்ணீர். மணல் ஃபில்டரை ஒருமுறை பின்னோக்கிக் கழுவினால் இரண்டு மூன்று நிமிஷத்தில் நானூறு, ஐநூறு லிட்டர் சாக்கடைக்குப் போகும். சித்திரை வெயிலில் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் கடற்கரை ஊர்களில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. நெம்மேலியில் 2013-லிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024-லிருந்து இன்னொரு ஆலையில் 15 கோடி லிட்டர் என்று கடல் நீரைக் குடிநீராக்குகிறார்கள். அத்தனை செலவு செய்து நல்ல நீர் எடுக்கிற ஊரில் நாம் குளத்து நீரைக் கொட்டிக்கொண்டிருக்கலாமா? கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துத் தோட்டத்து ஓஸ் பைப்பால் கழுவினால் போதும்.

மாற்றுக் கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது எல்லோரும் செய்யும் தவறு, கம்பெனி பெயரைச் சொல்லி வாங்குவது. அளவுதான் முக்கியம். நாலு அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: மொத்த நீளம், வெளி விட்டம், மேல் துவாரத்தின் விட்டம், கீழ்த் துவாரத்தின் விட்டம். இரண்டு முனையும் திறந்ததா, ஒன்று மூடியதா என்றும் பாருங்கள். துவாரத்தில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் தண்ணீர் துணியைத் தொடாமல் இடுக்கு வழியாகத் தப்பிப் போய்விடும். ஃபில்டர் இருக்கும், வடிகட்டுதல் இருக்காது! பழசை ஒரு பையில் போட்டுக் கடைக்கே எடுத்துப் போவது உத்தமம்.

அடுத்தது துணியின் பரப்பு, சதுர அடிக் கணக்கில். ஒரே உயரம், ஒரே அகலத்தில் இரண்டு இருந்தால், பரப்பு குறைந்ததை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மடிப்புகளைக் குறைத்திருப்பார்கள், அவ்வளவுதான். விலை போட்ட சீட்டைவிட இந்த எண்ணைப் பாருங்கள்.

ஒன்று முதல் மூன்று வருஷம் உழைக்கும். மடிப்புகள் தட்டையாகிவிட்டால், துணி பஞ்சு பஞ்சாகப் பிரிந்தால், முனை மூடி வெடித்திருந்தால், அல்லது கழுவிப் போட்ட இரண்டே நாளில் அழுத்தம் ஏறினால் மாற்றிவிடுங்கள். பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் அதற்கான சோப்புக் கரைசலில் இரவு முழுக்க ஊற வைத்து அலச வேண்டும். நம் பக்கத்து போர் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு படியும். அதற்கு அமிலக் கரைசல் உண்டு, ஆனால் பிசுக்கு போன பிறகுதான். முதலிலேயே அமிலத்தில் போட்டால் பிசுக்கு துணியோடு இறுகிவிடும், அப்புறம் அந்த உருளை குப்பைக்குத்தான். கைவசம் இரண்டு செட் இருந்தால் ஒன்று காயும்போது ஒன்று ஓடும்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. ‘டையாட்டம்’ என்ற நுண்ணுயிர்களின் ஓட்டுப் பொடியைத் தட்டிகளில் பூசி வடிகட்டுவது. 3 முதல் 5 மைக்ரான் வரை பிடிக்கும் சூரன். ஆனால் அந்தப் பொடி பறந்து மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது. குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் இருக்கும் வீட்டில் அது வேண்டாம் என்பதே என் கட்சி.

எத்தனை பெரிசு?

பட்டிபுலம் வீட்டுக் குளத்தையே கணக்குப் போடுவோம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர். பெருக்கினால் 44.8 கன மீட்டர். ஏறக்குறைய 45 ஆயிரம் லிட்டர். வீட்டுக் குளத்தின் தண்ணீர் முழுவதும் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஒருமுறையாவது ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும். ஆறு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 7,500 லிட்டர்.

மணல் ஃபில்டரில் ஒரு சதுர மீட்டர் மணலுக்கு மணிக்கு 25 ஆயிரம் லிட்டர் என்ற நிதானத்தில் தண்ணீர் போனால் வடிகட்டல் பிரமாதமாக இருக்கும். அந்தக் கணக்கில் 24 அங்குல விட்டமுள்ள தொட்டி வேண்டும். கடைக்காரர் 18 அங்குலமே போதும் என்பார். போதும்தான், ஆனால் அதில் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பாயும். கார்ட்ரிட்ஜ் என்றால் ஒரு சதுர அடிக்கு நிமிஷத்துக்கு 1.4 லிட்டர் என்ற நிதானம். 7,500 லிட்டருக்குச் சுமார் 90 சதுர அடி. 100 சதுர அடியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஃபில்டர் பெரிசாக இருந்தால் நஷ்டமில்லை.

மோட்டார் பெரிசாக இருந்தால் நஷ்டம்! உப்புக் காற்றில் மோட்டார் அடிக்கடி போகும். ரிப்பேர்க்காரர் “ஒரு ஹெச்.பி. எதுக்கு சார், ஒன்றரை போட்டுடறேன், ஜம்முன்னு ஓடும்” என்பார். ஜம்மென்று ஓடி, பிடித்து வைத்த அழுக்கை மணலுக்குள் துளைத்துத் திரும்பக் குளத்துக்கே தள்ளும். மாமன் வீட்டில் இதுவும் நடந்திருந்தது.

ஃபில்டரின் தலையில் ஒரு சின்ன வட்ட மீட்டர் இருக்கும். அதுதான் ஃபில்டரின் நாடி. சுத்தமாக இருக்கும்போது என்ன காட்டுகிறது என்று சுவரில் எழுதி வையுங்கள். அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் கழுவும் நேரம் வந்துவிட்டது. ஏறாமலேயே தினமும் கழுவுவதும் தப்பு. மணலில் கொஞ்சம் அழுக்கு படிந்திருக்கும்போதுதான் அது நன்றாக வடிகட்டும். கடற்கரை வீடுகளில் இந்த மீட்டர் துருப்பிடித்து முள் பூஜ்யத்திலேயே நின்றுவிடும். மலிவான சாமான்தான், வருஷா வருஷம் மாற்றுங்கள்.

புயல் மழைக்குப் பிறகு மட்டும் ஒரு விசேஷ ஜாக்கிரதை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. அது போன்ற சமயத்தில் குளம் முழுக்க சவுக்கு ஊசியும் சேறுமாக இருக்கும். அதை ஃபில்டர் வழியாக இழுக்காதீர்கள். குப்பையை வலையால் அரித்துவிட்டு, அடிச் சேற்றை வால்வில் ‘வேஸ்ட்’ நிலை வைத்து நேராக வெளியேற்றுங்கள்.

“தேற்றான் கொட்டை போடலாமா வைத்தியரே?”

பாட்டி கேட்ட கேள்வி. சித்த வைத்தியன் என்றால் இதை எல்லோரும் கேட்கிறார்கள். கலங்கிய தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றான் கொட்டையை உரசினால் கலங்கல் அடியில் படிந்துவிடும்; நம் முன்னோர் கண்ட அருமையான முறை. கொட்டையில் உள்ள சத்து, மிதக்கும் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துக் கனமாக்குகிறது. படிகாரமும் இதையே செய்கிறது. ஆனால் பானை வேறு, 45 ஆயிரம் லிட்டர் குளம் வேறு. பானையை அன்றே காலி செய்கிறோம். குளத்தில் கொட்டைச் சாறு அப்படியே தங்கிக் கிருமிக்கு உணவாகும், குளோரினையும் தின்றுவிடும். வேப்பிலை, மஞ்சள், துளசி போடுவதும் இதே கதைதான். மூலிகையின் மேல் எனக்கு உள்ள மரியாதையால்தான் சொல்கிறேன், அவற்றைக் குளத்தில் போடாதீர்கள். பரிசோதனைக் கிட் வாங்கி குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்., பி.எச். 7.2 முதல் 7.8 இருக்கிறதா என்று பாருங்கள்.

மணல் ஃபில்டரால் தடுக்க முடியாத சமாச்சாரமும் உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் அளவு 4 முதல் 6 மைக்ரான். மணல் வழியாகத் தாராளமாகப் புகுந்து போகும். குளோரினிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். எனவே பேதியான குழந்தையை, பேதி நின்று இரண்டு வாரம் வரை குளத்தில் இறக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேரளத்தில் 2024-இல் குளம், ஆறுகளில் குளித்த சில குழந்தைகள் மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்துபோன செய்தி படித்திருப்பீர்கள். அது மூக்கு வழியாகத்தான் ஏறும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் வராது. குளோரின் சரியாக இருக்கும் குளத்தில் பிழைக்காது. கவனிப்பாரற்ற வெதுவெதுப்பான குளத்தில் பிழைக்கும். நீந்திய சில நாளில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் என்னிடமும் வராதீர்கள், வேறெந்த வைத்தியரிடமும் போகாதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ‘இன்ன இடத்தில் நீந்தினான்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

ஃபில்டர் உங்களுடையதல்ல, ஆனால் பிள்ளை உங்களுடையது. துணி மாற்றுவதற்கு முன்னால் குளத்தங்கரைக்குப் போய் நில்லுங்கள். ஆழமான பகுதியின் தரையில் வடிகால் சல்லடை கம்பி கம்பியாகத் தெரிகிறதா? தெரியாவிட்டால் இறங்க வேண்டாம். மூழ்கிய குழந்தையும் தெரியாது என்பதால் இது இரட்டை ஆபத்து. அந்தச் சல்லடை மூடி உடைந்தோ, காணாமலோ இருந்தாலும் இறங்க வேண்டாம். உறிஞ்சும் வேகத்தில் பெண் குழந்தைகளின் கூந்தல் மாட்டிக்கொள்ளும். மோட்டார் ஓடுகிறதா என்று கேளுங்கள். “கரண்ட் பில் ஜாஸ்தியாகுது, கெஸ்ட் வந்தா மட்டும் போடுவோம்” என்று பதில் வந்தால், கடற்கரைக்கு நடந்து போய் மணல் வீடு கட்டிவிட்டு வாருங்கள்.

நீந்தி வந்ததும் தலையைச் சாய்த்துக் காதிலிருந்து தண்ணீரை வடியவிட்டு, மெல்லிய துணியால் வெளிக்காதைத் துடையுங்கள். பட்ஸ், ஹேர்பின், தீக்குச்சி எதுவும் உள்ளே போகக் கூடாது. வலிக்கிற காதில், சீழ் வருகிற காதில் காய்ச்சிய எண்ணெய் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே நடுக்காதுக்குப் போய்விடும். இதைச் சித்த வைத்தியனே சொல்கிறான் என்பதைக் கவனியுங்கள்!

பட்டிபுலத்தில் கடல் மணலை அள்ளி வெளியே போட்டு, அடிக்குழாய்களில் முறிந்திருந்த இரண்டை மாற்றி, சிலிக்கா மணல் நிரப்பினார்கள். மோட்டாரும் பழைய அளவுக்கே வந்தது. குளத்தைக் காலி செய்து சுவரைத் தேய்த்துப் புதுத் தண்ணீர் விட்டார்கள். இ.என்.டி. டாக்டர் சொன்னபடி பையன் ஆறு வாரம் தண்ணீரில் இறங்கவில்லை. அதற்குப் பிறகு காது வலி என்று அவன் என்னிடம் வரவில்லை. பாட்டிதான் வந்தார், முழங்கால் வலிக்காக.

“ஒரு சந்தேகம் தம்பி. சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுத் தலைக்கு ஊத்தறேன். நேரா மாமன் வீட்டுக்குப் போய்க் குதிக்கறான். அது தப்பா?”

எண்ணெய்க் குளியலை நான் விடச் சொல்வேனா? ஆனால் அந்த எண்ணெய் மணலில் போய்ப் படிந்து மணியோடு மணியை ஒட்டிவிடும். “எண்ணெய் சனிக்கிழமை இருக்கட்டும்மா. சீயக்காய் நல்லாத் தேய்ச்சு அலசுங்க. குளம் ஞாயித்துக்கிழமை. அதுவும் இறங்கறதுக்கு முன்னாடி ஷவர்ல ஒரு தடவை நின்னுட்டு, பாத்ரூம் போயிட்டு வரச் சொல்லுங்க.”

“அதென்ன, குளிக்கறதுக்கு முன்னாடி ஒரு குளியலா?” என்று சிரித்துக்கொண்டே முழங்காலை நீட்டினார்.